அசல் வண்டி

பழைய மோட்டார் கார்களைப் பூஜை செய்கிற கூட்டம் ஒன்று சென்னைப் பட்டணத்தில் இருக்கிறது. அதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் வெள்ளிப் பாத்திரம் சேர்க்கிறார்கள். சிலர் ஆயுள் முழுவதும் விரோதிகளைச் சேர்க்கிறார்கள். இவற்றோடு ஒப்பிட்டால் பழைய கார் சேர்ப்பது சாதுவான பழக்கந்தான். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறு காந்தி நகரிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கார் ஷெட்டுக் கதவைத் திறந்து போட்டுக் கொண்டு, பனியனும் கையில் துடைக்கிற துணியுமாக நிற்கும் பெரிய மனிதர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் உண்டாகிறது. பேரக் குழந்தையின் முகத்தைக்கூட அவர்கள் அவ்வளவு பொறுமையாகத் துடைத்து விட்டிருக்க மாட்டார்கள்.

என் சண்டையெல்லாம் இவர்கள் வாயில் அடிக்கடி புரளுகிற ஒரே ஒரு வார்த்தையோடுதான். ‘அசல்’ என்பது அந்த வார்த்தை.

இவர்கள் அகராதியில், கப்பலில் வந்தது அசல். இங்கே செய்தது நகல். “இங்கிலீஷ் வண்டி, ஸார்!” என்று சொல்லும்போது குரலில் நெய் மணக்கிறது. “உள்ளூர்த் தயாரிப்பு” என்று சொல்லும்போது அதே குரல் நீர்மோராகி விடுகிறது. பேச்சோடு நின்றால் பாதகமில்லை. காரியத்திலும் இறங்கி விடுகிறார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்கிற வண்டியை விலைக்கு வாங்குவார்கள். முதல் வேலையாக ‘ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரைக் கழற்றிவிட்டு ‘டிரையம்ப்’ என்ற பெயரை மாட்டுவார்கள். இரண்டாவது வேலையாகக் கூரையை எடுத்துவிட்டுத் திறந்த கார் ஆக்குவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் நின்று கொண்டு கை அசைத்தால் புகைப்படம் நன்றாக விழுமாம். இவ்வளவும் செய்து முடித்த பிறகு, “அசல் டிரையம்ப்” என்று ஊரைக் கூட்டிக் காட்டுவார்கள்.

இதைத்தான் நான் அக்கிரமம் என்கிறேன். ஏன் என்று சொல்லுவதற்கு முன்னால் அந்த வண்டியின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்து விடலாம்.

ஹெரால்டை வரைந்தவர் இங்கிலீஷ்காரரே அல்ல. ஜியோவன்னி மிச்செலாட்டி என்கிற இத்தாலியர், டூரின் நகரத்துக்காரர். மோட்டார் உலகத்தில் டூரினுக்கு உள்ள பெயர், நம் பக்கத்தில் வீணைக்குத் தஞ்சாவூருக்கு உள்ள பெயர். ஒரு கம்பெனி சேஸிஸைச் செய்யும். மேலே உட்காரும் உடலைத் தனிப் பட்டறைக்காரர்கள் தகட்டை அடித்து, வளைத்து, இழைத்துச் செய்வார்கள். பினின்ஃபரீனா, விக்னாலே என்றெல்லாம் அந்தப் பட்டறைகளுக்குப் பெயர். கவெண்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்–டிரையம்ப் கம்பெனிக்காரர்கள் 1950களின் பிற்பகுதியில் ஒரு சின்னக் கார் வேண்டுமென்று மிச்செலாட்டியிடம் போனார்கள். அவர் வரைந்து கொடுத்தார். ஹெரால்ட் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் மற்றக் கம்பெனிகளெல்லாம் சேஸிஸும் உடலும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிகளுக்கு மாறிக் கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்–டிரையம்புக்கு அது முடியவில்லை. அவர்களுக்கு உடல் செய்து கொடுத்து வந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கி விட்டார்கள். ஆகவே வேறு வழியின்றிப் பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனிச் சேஸிஸ். மேலே துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்த உடல். கூரைகூடப் போல்ட் போட்டு இணைத்ததுதான். மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முதலை வாய் மாதிரி முன்பக்கம் பார்த்துத் திறக்கும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். கபாலி கோயில் மாட வீதிகளை அடுத்த சந்துகளில் கார் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

துண்டு துண்டாகச் செய்த உடலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பிரம்மாண்டமான யந்திரங்கள் இல்லாத ஊரிலும் அதைச் செய்யலாம். வேண்டிய இடத்தில் மாற்றியும் செய்யலாம். இங்கேதான் நம் சென்னை வருகிறது.

உடல் கட்டுகிற தொழில் சென்னைக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோடு ஸிம்ப்ஸன் கம்பெனி 1840-ல் தோன்றியது. குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கியது. அந்தக் கம்பெனியில் இருந்த ஸாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரையே செய்து ஓட்டிக் காட்டினார். அப்படிப்பட்ட ஊரில், 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை போட்டது. முதலில் வான்கார்ட் வண்டி. 1961 முதல் ஹெரால்ட். எஞ்ஜின் 948 ஸி.ஸி. வருஷத்துக்கு வருஷம் உள்ளூரில் செய்த பாகங்கள் அதிகமாகிக் கொண்டு வந்தன.

மிச்செலாட்டி வரைந்த ஸலூனுக்கு இரண்டே கதவு. டூரினிலும் கவெண்ட்ரியிலும் அது போதும். கணவனும் மனைவியும் முன்னால் ஏறிக் கொண்டு போய் விடுவார்கள். தியாகராய நகரில் நடக்குமா? பின் ஸீட்டில் மாமியார் ஏற வேண்டும். முன் ஸீட்டை மடக்கி, உடம்பை இரண்டாக வளைத்து, மடிசாரைப் பிடித்துக் கொண்டு அந்த அம்மாள் உள்ளே புகுவதற்குள் கச்சேரியில் வர்ணம் முடிந்து விடும். இரண்டு கதவுக் காரில் மாமியாரை ஏற்றிய மருமகனுக்கு அப்புறம் அந்த வீட்டில் மதிப்பு ஏது? இந்த விஷயம் மிச்செலாட்டிக்குத் தெரியாது, வண்டலூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் அவர்கள் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. நான்கு கதவுக்குப் பின்னால் ஐந்தாவது கதவும் வைத்து ஒரு ஸ்டேஷன் வாகன் செய்து, ‘கம்பேனியன்’ என்று பெயர் சூட்டினார்கள்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இங்கிலாந்தில் செய்த ஹெரால்ட் ஸ்டேஷன் வாகனுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். ஐந்து கதவு ஹெரால்ட் இந்தியாவைத் தவிர வேறெங்கும் செய்யப்படவில்லை. இத்தாலியர் கை வரைந்த முகம். சென்னைக்காரர் கை கட்டிய முதுகு. அதன் மேல் ‘டிரையம்ப்’ என்று எழுதுகிறவர், அசலை அழித்துப் பொய் எழுதுகிறவர். டிரையம்ப் கம்பெனி செய்யவே செய்யாத வண்டிக்கு டிரையம்ப் என்று பெயர் வைப்பதில் எங்கே இருக்கிறது அசல்?

மேல் நாட்டில் இந்த ஜாதி வண்டிக்கு என்ன மரியாதை என்று பாருங்கள். ஸ்டேஷன் வாகன் என்பது மூட்டை தூக்குகிற வண்டி. இத்தாலியர் அதற்கு வைத்த பெயரே ‘ஜார்டினியேரா’. தோட்டக்காரி என்று அர்த்தம். ஆனாலும் பெரிய பட்டறைகள் எப்போதாவது ஒன்றிரண்டு கட்டும். அமெரிக்காவில் ஃபெராரி வண்டிகளை விற்று வந்த சினெட்டி குடும்பத்துக்காக விக்னாலே பட்டறை ஒரு ஃபெராரியை ஸ்டேஷன் வாகனாக மாற்றிக் கட்டி, 1968-ல் டூரின் கண்காட்சியில் வைத்தது. ஃபியட் 130 வண்டி ஒன்றுக்குப் பின்பக்கம் நீட்டி, ‘மரெம்மா’ என்று பெயரிட்டார்கள். இவற்றைப் பற்றி உலகமெங்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். யாருக்காகக் கட்டியது, எந்தப் பட்டறை, எந்த வருஷம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். “இது ஃபெராரி தொழிற்சாலையில் செய்த உடல் அல்லவே, ஆகையால் நகல்” என்று யாரும் சொல்வதில்லை. தொழிற்சாலை செய்யாத உடல் என்பதுதான் அதன் பெருமை!

கம்பேனியனும் ஃபெராரியும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று கோடீசுவரனின் விளையாட்டு. மற்றொன்று குடும்பஸ்தனின் தேவை. ஆனால் நியாயம் ஒன்றுதான். அங்கே பெருமை என்பது இங்கே மட்டும் எப்படி இழுக்காகும்?

கம்பேனியன் அபூர்வமாகிப் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. உழைக்கிறவர்களுக்குச் சிலை வைக்கிற வழக்கம் நமக்கு இல்லை. ஸலூன் காரை வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். ஸ்டேஷன் வாகனைக் கொல்லைப் பக்கம் நிறுத்தினார்கள். கல்யாணத்துக்குப் பாத்திரம், கடைக்குத் துணி மூட்டை என்று எல்லாவற்றையும் அது தலையில் ஏற்றினார்கள். 1971-க்குப் பிறகு கம்பெனி ‘கெஸல்’ என்ற நான்கு கதவு ஸலூனோடு நின்று கொண்டது. 1980களின் இறுதியில் வண்டலூரில் கார் செய்வதே நின்று போயிற்று. மிஞ்சிய வண்டிகள் புதுப்பேட்டைக்குப் போயின. அங்கே கதவு தனி, பானட் தனி, கண்ணாடி தனி. பெரிய மனிதர்கள் சொல்லுகிற ‘அபூர்வம்’ வானத்திலிருந்து விழுந்ததல்ல; எடைக்குப் போட்டுப் போட்டு நாமே உண்டாக்கியது.

இனி எதிர்க் கட்சியின் வாதங்கள்.

“என்ன இருந்தாலும் மூலம் அவர்களுடையது, நாம் பார்த்துச் செய்ததுதானே?” என்பார்கள். மூலம் இங்கிலீஷ்காரருடையதும் அல்ல, இத்தாலியருடையது என்று முன்பே சொன்னேன். அப்படிப் பார்த்தால் டிரையம்பும் பார்த்துச் செய்ததுதான். கதைகள் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மூலம் ஒருவரிடம் இருப்பதால் மட்டும் இன்னொருவர் செய்தது நகலாகி விடாது. கம்பனை வால்மீகியின் ‘அஸெம்பிளி’ என்று யாராவது சொல்லத் துணிவார்களா? அவ்வளவு தூரம் போவானேன்? கபாலீசுவரர் கோயில் முதலில் கடற்கரை ஓரம் இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகு இப்போதுள்ள இடத்தில் மறுபடி கட்டப்பட்டதென்றும் சொல்லுகிறார்கள். அதனால் அங்கே எழுந்தருளியிருப்பவர் நகல் கபாலி என்று மயிலாப்பூரில் நின்று கொண்டு சொல்லிப் பாருங்கள்!

“உள்ளூர் வேலை சுத்தமில்லை, கதவு இடுக்கு ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல்” என்பது அடுத்த வாதம். இருக்கட்டுமே. சுத்தம் வேறு, அசல் வேறு. கையெழுத்துக் கோணலாக இருந்தால் பத்திரம் செல்லாதா? கோணலாக இருப்பதை வைத்துத்தான் இது இன்னார் கையெழுத்து என்று கண்டுபிடிக்கிறோம். டிங்கரை அழைத்து, பட்டி பூசி, அந்தக் கோணலையெல்லாம் நிமிர்த்திப் பளபளப்பாக்கினால் வண்டி அழகாகலாம்; சாட்சி போய்விடும்.

“என் பணம், என் வண்டி” என்பது கடைசி வாதம். இதற்குப் பதில் சொல்லுவது கஷ்டம். தாத்தாவின் ஓலைச் சுவடியை அடுப்பில் போட்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள். கம்பேனியன் செய்த தொழிற்சாலை இன்று இல்லை. அதில் தகடு வளைத்த தொழிலாளிகளின் வேலைக்கு அந்த வண்டிகளைத் தவிர வேறு நினைவுக் குறி கிடையாது. அவற்றின் பெயரை மாற்றி முதுகை அறுப்பவர், தம் வண்டியை மட்டும் அறுக்கவில்லை. அந்தத் தொழிலாளிகள் பிழைத்த பிழைப்புக்கு இருக்கிற ஒரே அத்தாட்சியையும் அறுக்கிறார்.

சட்டங்கூட இப்போது என் பக்கந்தான். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளுக்கென்று விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். மூல உருவத்தில் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸிலோ உடலிலோ எஞ்ஜினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற இரண்டு எழுத்தும் சேரும். 1971-க்குள் செய்த கம்பேனியன்களுக்கு ஐம்பது வயது முடிந்து விட்டது. ஆனால் கூரையை அறுத்த ஹெரால்டுக்கு எந்த முகத்தோடு அந்த நம்பரைக் கேட்பது? விதியில் கப்பலில் வந்ததா, வண்டலூரில் பிறந்ததா என்ற பேதமில்லை. அந்தப் பேதம் நம்முடைய பெரிய மனிதர்களின் மனத்தில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. பழைய கார் ஊர்வலம் நடத்துகிற சங்கத்தார், பெயரை மாற்றிய வண்டிக்குப் பரிசு இல்லை என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கட்டும். கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயர் சொல்லுகிற கார் மியூஸியம் இருக்கிறது. வடபழனியில் 2023 முதல் ஏ.வி.எம். மியூஸியம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், பிறந்த ஊரின் பெயரோடு, கோணல் இடுக்கோடு, ஒரு கம்பேனியன் நிற்க வேண்டும். பக்கத்தில் சலவைக்கல் தேவையில்லை. ‘முகம் டூரின், முதுகு வண்டலூர்’ என்று ஒரு அட்டை போதும்.

ஷெட்டில் ஹெரால்ட் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. கழற்றிய அந்த ‘ஸ்டாண்டர்ட்’ எழுத்துக்கள் எங்காவது ஒரு பிஸ்கட் டப்பாவில் ஆணிகளோடு கிடக்கும். தேடி எடுத்து, துடைத்து, மறுபடி மாட்டி விடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் அசல் என்று சொல்லிக் கொள்ளுங்கள். நானும் கூடச் சேர்ந்து சொல்லுகிறேன்.