யார் தட்டுக்குப் போகிறது இந்த இறால்?

கடலில் மீன் குறைந்தால் குடிமுழுகிப் போகாது, குளம் வெட்டி வளர்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அரசு மேடைகளில் இதற்கு 'நீலப் புரட்சி' என்று பெயர். இந்த நம்பிக்கைக்குத் துணையாக ஒரு புள்ளிவிவரமும் கிடைத்துவிட்டது. 2022-இல் உலகில் வளர்க்கப்பட்ட மீன், இறால், சிப்பி வகைகள் 9.44 கோடி டன். பிடிபட்டதை வளர்த்தது முந்தியது அதுவே முதல்முறை என்கிறது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு.

கணக்கு சரிதான். அதை வைத்து நம் கடற்கரை இறால் பண்ணைகளுக்கு உணவுப் பாதுகாப்புப் பட்டம் கட்டுவதுதான் தவறு. அந்த டன்களில் பெரும்பங்கு ஆசியாவின் நன்னீர்க் குளங்களில் வளரும் கெண்டை போன்றவை. தவிடும் பிண்ணாக்கும் தின்று வளர்ந்து, உள்ளூர்ச் சந்தையில் விற்று, உள்ளூர்க் குழம்பில் கொதிப்பவை. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. கெண்டை சம்பாதித்த நற்பெயரில், நம் பண்ணைகளில் வளரும் வனாமி என்ற இறால் வகை சலுகை வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

வனாமி எதைத் தின்கிறது? தீவனத்தில் சோயா பெருகியிருப்பது உண்மை. ஆனாலும் மீன்தூள் இல்லாமல் அந்தத் தீவனம் இல்லை. ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதை விசைப்படகுகள் கரைசேரும் நேரத்தில் ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பார்க்கலாம். நல்ல மீனைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுவதைச் 'சங்காயம்' என்பார்கள். விரல் நீளக் குஞ்சுகள், நசுங்கிய காரப்பொடி, இன்னும் வளராத கணவாய் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். ஐஸ்கூட வைக்காமல் அள்ளிப்போட்டு, கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் லாரி ஏற்றுவார்கள். குப்பைக்கும் விலை உண்டு என்றான பிறகு எவர் வலைக்கண்ணைப் பெரிதாக்குவார்? இன்று சங்காயமாகப் போகும் குஞ்சு, விட்டிருந்தால் நாளை ஏழை வாங்கும் மீன். கடலுக்கு ஓய்வு தரும் என்று சொல்லப்பட்ட தொழில், கடலிலிருந்தே தீனி கேட்கிறது.

சரி, இறாலாவது நம் தட்டுக்கு வருகிறதா? 2024-25-இல் இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். அதில் 43 ஆயிரம் கோடிக்கு மேல் உறைய வைத்த இறால். மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. 2009-இல் வனாமிக்கு இங்கே அனுமதி கிடைத்தது முதல், தாய் இறால்களே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் நோய்ச் சோதனை முடித்துத்தான் குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகின்றன. வித்தும் வெளியூர், விற்பதும் வெளியூர். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியதும் ஆந்திரத்தின் பண்ணைக் கரைகளில் விலை சரிந்தது. எங்கோ ஒருவர் போட்ட கையெழுத்தில் ஆடிப்போகும் தொழிலுக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைப்பது வேடிக்கை.

அந்நியச் செலாவணி வருகிறதே, வேலை கிடைக்கிறதே என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நாகை வட்டாரத்தில் வயலும் குடிநீரும் உப்பாவதைக் கண்டு போராடிய சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாரம்பரிய முறைகளுக்கு மட்டுமே விலக்கு. 2005-இல் வந்த சட்டம் அந்தத் தடையைச் செல்லாக்காசாக்கியது. 2023-இன் திருத்தம் மிச்சமிருந்த சந்தேகத்தையும் பண்ணைகளுக்குச் சாதகமாகவே தீர்த்துவைத்தது.

இறால் வளர்ப்பு ஓர் ஏற்றுமதி வியாபாரம். லாபம் இருந்தால் செய்யட்டும். உப்பேறிய நிலத்துக்கும் கிணற்றுக்கும் உரிய விலையைக் கொடுத்துவிட்டுச் செய்யட்டும். உணவுப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் பணம் கெண்டைக் குளத்துக்கும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களின் ஐஸ் பெட்டிக்கும், குஞ்சு மீன் பிடிப்பதைத் தடுக்கும் கண்காணிப்புக்கும் போகவேண்டும். கேரளம் 58 இனங்களுக்கு இந்த அளவுக்குக் கீழ் பிடிக்கக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. நம் துறைமுகங்களிலும் அதைச் செய்து, சங்காய லாரிகளை நிறுத்திவிட்டுப் பிறகு பேசுவோம் நீலப் புரட்சியை.