கடலின் கணக்கு எல்லோருக்கும் பொது

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நிலத்திற்கு வேலி உண்டு. கடலுக்கு ஏது வேலி? சூடேறிய கடல்நீர் எந்த நாட்டுக் கொடியையும் பார்த்துப் புயலை வளர்ப்பதில்லை. பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கடலே விழுங்கிக்கொள்கிறது என்கிறது விஞ்ஞானம். இத்தகைய கடலைத் தனியாக அளந்து முடிக்க எந்த ஒரு நாட்டாலும் இயலாது. ஆகவே, கடலில் எடுத்த அளவுகளை நாடுகள் ஒன்றுக்கொன்று தடையின்றித் தரவேண்டும். பிறர் எடுத்துப் பயன்படுத்தும் வகையிலும் தரவேண்டும் என்பது என் கருத்து.

இது நேற்று முளைத்த எண்ணமன்று. 19-ஆம் நூற்றாண்டில் மாத்யூ மௌரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, தம் பயணக் குறிப்புகளை அனுப்பிவைத்த கப்பல் தலைவர்களுக்கு, எல்லோர் குறிப்புகளையும் சேர்த்து வரைந்த காற்று, நீரோட்டப் படங்களை இலவசமாகக் கொடுத்தார். ஒரு பிடி கொடுத்து ஒரு மூட்டை வாங்கும் பண்டமாற்று அது! 1853-இல் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடி, கப்பல்கள் ஒரே மாதிரிப் படிவத்தில் குறிப்பெழுத வழிவகுத்தனர்.

இன்று அந்த வேலையை 'ஆர்கோ' மிதவைகள் செய்கின்றன. ஏறக்குறைய 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் உலவுகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும்போது வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. பெரும்பாலான அளவுகள் 24 மணி நேரத்திற்குள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் உள்ள மையங்கள் மூலம் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டின் சார்பில் ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதில் பங்கேற்கிறது.

ஆனால் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதுமா? '28.4' என்று மட்டும் எழுதிய ஒரு தாளை நம் ஆய்வகத்தில் நீட்டிப் பாருங்கள். அலகு எங்கே, கருவி எது, சுழிப்பிழை திருத்தப்பட்டதா என்று பேராசிரியர் கேட்பாரா, மாட்டாரா? கடல் அளவும் அப்படியே. நாள், இடம், ஆழம், கருவி ஆகியவை இல்லாத எண் ஏட்டுச் சுரைக்காய்தான். உப்பை அளக்கும் உணர்கருவி ஆண்டுக்கணக்கில் நீரில் கிடந்தால் மெல்லத் தடம் மாறும். அதனால்தான் ஆர்கோ விஞ்ஞானிகள் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தரக்குறி இடுகிறார்கள்: 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது. தவறான அளவை அழித்துவிடுவதுமில்லை. மூல எண்ணையும் திருத்திய எண்ணையும் அருகருகே வைத்துக் கொடுக்கிறார்கள். இந்த நேர்மைதான் பகிர்தலின் உயிர்நாடி.

"நம் கடலின் இரகசியத்தை அயலானுக்குத் தருவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலியலை, நீரின் வெப்பத்தையும் உப்பையும் பொறுத்தே வளைகிறது. பாதுகாப்புக்கு உரியதைக் காக்கட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி அனைத்தையும் பூட்டிவைத்தால், அந்தப் பூட்டுக்கு விலை கொடுப்பவன் யார்? கரையில் குடியிருப்பவன்!

2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடி நடுங்கியது. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. பசிபிக் பெருங்கடலில் நாடுகள் சேர்ந்து நடத்திய எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்துமாக் கடலில் இல்லை. அவகாசம் இருந்தும் செய்தி வரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தோன்றியது. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்குச் சுனாமிச் செய்தி வழங்குகின்றன. அன்று இல்லாத பாதையை இன்று போட்டிருக்கிறோம். அதை மூடாமல் காப்பது நம் கடமை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மீன்பிடித் தொழிலாளி. நீரின் நிறத்தையும், வாடைக் காற்றையும், 'நீவாடு' என்று அவர் சொல்லும் நீரோட்டத்தையும் நாற்பது ஆண்டுகளாகப் படித்தவர். அவற்றில் ஒரு வரிகூட எந்த ஏட்டிலும் ஏறவில்லை. எழுதாத அறிவு ஆளோடு போய்விடும். எழுதிப் பூட்டிய அறிவும் அதற்குச் சமம்தான். மீன் கிடைக்கக்கூடிய இடத்தைச் செயற்கைக்கோள் அளவுகளிலிருந்து கணித்துத் தமிழிலும் அறிவிக்கும் சேவை இப்போது உள்ளது. கடலின் கணக்கு கரைக்கு வந்து சேர்ந்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோழர்களே! ஆர்கோ அளவுகள் நமக்கும் திறந்தே கிடக்கின்றன. நம் துறைகளின் செய்முறை வகுப்பில் வங்கக் கடலின் ஓராண்டு வெப்பத்தை ஏன் நாமே வரைந்து பார்க்கக்கூடாது? பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். கடலை அளப்பவர் சிலர். கடலால் வாழ்பவர் பலர். அந்தச் சிலரின் ஏடு இந்தப் பலரின் கைக்கு வரட்டும்!