சட்டம் சர்க்காரையும் கட்டும்

ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்துச் சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் முதல் தேதி அளித்த தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் மீதமிருக்கும் உபாத்தியாயர்கள், எத்தனை காலம் பணியாற்றியிருந்தாலும், இரண்டு வருஷத்துக்குள் அத்தேர்வில் தேறியாக வேண்டும்; தேறாதவர் உத்தியோகத்தை விட்டு விலக வேண்டும். அந்தக் கண்டிப்பின் நியாய அநியாயத்தை இங்கே நாம் ஆராயப் புகவில்லை. ஆயினும், தனி மனிதராகிய உபாத்தியாயரிடம் தவணை குறித்துக் கணக்குக் கேட்கும் அதே கல்வி உரிமைச் சட்டம், சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் விதித்திருக்கும் கடமைகளைப் பற்றி அவ்வாறு கணக்குக் கேட்பார் யாருமில்லையே என்ற எண்ணம், திருப்பத்தூர் ஜில்லாவின் அரசுப் பள்ளிகளையும் நகராட்சிப் பள்ளிகளையும் நினைக்குந்தோறும் எழாமல் இருப்பதில்லை.

2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த அச்சட்டம் பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. அறுபது குழந்தைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, சுத்தமான குடிநீர், சமையற்கூடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி என்று அதன் அட்டவணை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுச் சொல்கிறது. இவற்றை நிறைவேற்றச் சட்டம் கொடுத்த மூன்று வருஷ அவகாசம் 2013 மார்ச்சோடு முடிந்துபோயிற்று. கழிப்பறையும் குடிநீரும் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் அமைய வேண்டுமென்று 2012 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தனியாகவே உத்தரவிட்டது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீவிபத்தை ஒட்டி எழுந்த வழக்கில், பத்திரமான கட்டடத்தில் கற்பதும் கல்வி உரிமையின் அங்கமே என்று அதே நீதிமன்றம் 2009-இல் தீர்மானித்தது. ஆகவே, சட்டத்தின் கருத்து என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடமேயில்லை.

குறை இருப்பது சட்டத்தை நடத்திவைக்கும் முறையில். தனியார் பள்ளியொன்று அங்கீகாரமின்றி நடந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், பிறகும் தொடர்ந்து நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அங்கீகாரம் பெற்ற பள்ளி விதிகளை மீறினால் அந்த அங்கீகாரமே ரத்தாகும். அரசுப் பள்ளிக்கோ அங்கீகாரம் என்ற ஒன்று வேண்டுவதேயில்லை என்று சட்டத்தின் 18-ஆம் பிரிவு விலக்களித்துவிடுகிறது. விலக்கு கிடைத்தது அங்கீகாரப் பத்திரத்துக்கு மட்டுமே. அட்டவணையில் கண்ட கடமைகளுக்கு அன்று. எனினும் நடைமுறையில் இரண்டும் ஒன்றெனப் பாவிக்கப்படுகின்றன. தலைமையாசிரியர் தம் பள்ளியின் விவரங்களைத் தாமே மத்திய சர்க்காரின் ‘யுடைஸ்’ படிவத்திலும் மாநிலக் கல்வி இலாகாவின் ‘எமிஸ்’ தளத்திலும் ஏற்றுகிறார். கட்டத்தில் ‘உண்டு’ என்று குறித்துவிட்டால் கழிப்பறை உண்டு என்றே கணக்கு. தனியார் பள்ளியைப் பரிசோதிக்கும் அதிகாரியும், அரசுப் பள்ளியின் குறைக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியும் ஒரே இலாகாவைச் சேர்ந்தவர்களாக இருக்கையில், பரிசோதனை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

ஏட்டில் உள்ள சட்டம் மேற்பார்வையின்றி என்ன கதியை அடையும் என்பதை இந்த ஜில்லாவின் பாலாற்றங்கரை மக்களுக்கு வேறு யாரும் போதிக்க வேண்டாம். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1974-இல். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது குறித்து வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில் தேசப் பிரசித்தி பெற்ற தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்டில். அதற்கும் இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் கழிந்து, 2025 ஜனவரியில், அதே ஆற்றைக் குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. பள்ளிகளின் விஷயத்தில் நமக்கு அத்தனை அவகாசம் கிடையாது. ஒரு குழந்தையின் பள்ளிப் பருவம் எந்த வழக்கையும்விடக் குறுகியது.

2019 நவம்பரில் தனி ஜில்லாவாகப் பிரிந்த இப்பிரதேசத்துக்கு விசேஷமான சங்கடங்கள் சில உண்டு. அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் காலியிடங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டலாகாது என்கிறது 26-ஆம் பிரிவு. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஓரிடம் காலியானால் நூற்றுக்கு ஐம்பது போயிற்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள உருது மொழிவழிப் பள்ளியில் ஓரிடம் காலியானால், அருகிலுள்ள தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றி அந்தக் குறையைத் தீர்த்துவிட முடியாது. பள்ளியைக் கண்காணிக்க வேண்டிய மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண்களுள் பலரோ பீடி சுற்றியும், ஷூ கம்பெனியில் வேலை பார்த்தும், வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் தைத்தும் ஜீவனம் செய்பவர்கள். வேலைநாளில் பகற்பொழுதில் கூட்டம் போட்டால் அவர்கள் கூலியை இழந்து வர வேண்டும், அல்லது பிறகு அனுப்பப்படும் நோட்டில் கையெழுத்து மட்டும் இட வேண்டும்.

பணமில்லை என்ற சமாதானம் சொல்லப்படும். அது முழுப் பொய்யுமன்று. மாநில சர்க்கார் பி.எம்.ஸ்ரீ என்ற மத்தியப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்துக்கு இணங்கவில்லை என்பதற்காக, சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் வருஷத்துக்குரிய பங்காகிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது அநீதி என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் செலவுப் பொறுப்பு இரு சர்க்கார்களுக்கும் பொது என்று 7-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. டில்லிக்கும் சென்னைக்கும் நேர்ந்த பிணக்கில் புதூர்நாட்டுக் குழந்தை ஒரு கட்சிக்காரர் அல்ல. இனி, இவ்வளவு கண்டிப்புக் காட்டினால் சிறு பள்ளிகளை மூடிவிடுவார்களே என்று அஞ்சுவோரும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அட்டவணை, குறைந்ததை நிறைவு செய்வதற்காக ஏற்பட்டதேயன்றி, பள்ளிக்குப் பூட்டுப் போட அல்ல. குறையைக் காட்டி மூடுவது கடமையைத் தட்டிக்கழிப்பதற்கு வேறொரு பெயரே. அந்தக் குறைகளுக்குத் தலைமையாசிரியரைத் தண்டிப்பதும் அப்படியே. ஆசிரியரை நியமிக்கவோ கட்டடம் எழுப்பவோ அவருக்கு அதிகாரமில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு அரசு, நகராட்சிப் பள்ளியும் அட்டவணையின் எந்தெந்த அம்சத்தை நிறைவேற்றியிருக்கிறது, எதில் பின்தங்கியிருக்கிறது என்பதைக் கல்வி இலாகாவைச் சேராதவர்கள் நேரில் கண்டு வருஷந்தோறும் அறிக்கை எழுத வேண்டும்; அது தமிழிலும், உருது வழங்கும் இடங்களில் உருதுவிலும், பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டு, கிராமங்களில் ஆகஸ்ட் 15-ஆம் தேதி கிராம சபையிலும், நகரங்களில் நகர்மன்றக் கூட்டத்திலும் படிக்கப்பட வேண்டும். குறை ஒவ்வொன்றுக்கும் அதை நீக்க வேண்டிய அதிகாரியின் பதவியும் தவணையும் எதிரே எழுதப்பட வேண்டும். மலைப் பள்ளிகளிலும் உருதுப் பள்ளிகளிலும் உள்ள காலியிடங்கள் முதலில் நிரப்பப்பட வேண்டும். மேலாண்மைக் குழு, தாய்மார்கள் வேலை முடிந்து வரக்கூடிய வேளையில் கூட வேண்டும். அது வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே மானியத்துக்கு ஆதாரம் என்ற 22-ஆம் பிரிவு அனுஷ்டானத்துக்கு வர வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. கலெக்டரும் முதன்மைக் கல்வி அலுவலரும் மனம் வைத்தால், அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். உபாத்தியாயருக்கு இரண்டு வருஷம் தவணை கொடுத்த தேசத்தில், சர்க்காரும் தனக்கென்று ஒரு தவணையைப் பகிரங்கமாகக் குறித்துக்கொள்வதே முறை.