‘வீட்டில்தானே இருக்கிறான்!’



பிள்ளை சினிமாக் கொட்டகைக்குப் போகவில்லை, தெருமுனையில் நின்று பொழுதைக் கழிக்கவில்லை, தன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் குழுவினரோடு இணையவழியில் ஒத்திகை பார்க்கிறான். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்னும் ஓர் ஆறுதல் நம் வீடுகளில் குடியேறிவிட்டது. ‘வீட்டில்தானே இருக்கிறான்’ என்கிறார் உம்மா. ‘இஸ்லாமியப் பாட்டுத்தானே’ என்று வாப்பா சேர்த்துக்கொள்கிறார். இந்த இரண்டு ‘தானே’க்களோடுதான் நமக்கு வழக்கு.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டபோது, ஜூமையும் கூகுள் மீட்டையும் நம் இல்லங்களுக்குள் அழைத்து வந்தவை குர்ஆன் வகுப்புகளும் பயான்களுமே. அதில் தவறேதுமில்லை. ஆனால் ஊரடங்கு நீங்கியதும் பல வீடுகளில் குர்ஆன் வகுப்பு நின்றுபோயிற்று. அதற்காக வாங்கிய மைக்கும் இணைய இணைப்பும் ஒத்திகைக்கு உரியவையாயின. தஜ்வீத் வகுப்பில் ‘சிக்னல் இல்லை உஸ்தாத்’ என்று கேமராவை அணைத்த அதே பிள்ளைக்கு, இரவு பதினொரு மணிக்குச் சிக்னல் எங்கிருந்து வருகிறதோ, அல்லாஹ்வே அறிவான்.

அந்தப் பதினொரு மணியைச் சற்று நின்று பார்ப்போம். குழுவில் ஒருவர் துபாயில், ஒருவர் கோலாலம்பூரில், இருவர் தமிழகத்தில் என்பது இன்று சாதாரணம். நம் சமுதாயம் அப்படித்தான் பரவிக் கிடக்கிறது. துபாய்ச் சகோதரர் வேலை முடித்து, இஷா தொழுது, உணவருந்தி உட்காரும்போது அங்கே மணி பத்து. நமக்குப் பதினொன்றரை. கோலாலம்பூரில் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. ஒன்றரை மணி நேர ஒத்திகை என்றால், நம் பிள்ளை தலையணையில் தலை வைக்கும்போது ஒரு மணி. ஃபஜ்ர் பாங்குக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமே மீதம். இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை நம் மத்ரஸாவின் சிறு பிள்ளையும் அறியும். நபியவர்களைப் புகழ்ந்து பாடுவதற்காக விழித்திருந்து, அவர்கள் கண்குளிர்ச்சி என்று கூறிய தொழுகையைத் தூங்கிக் கழிப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்து, ‘இஸ்லாமியப் பாட்டுத்தானே’ என்பது. இங்கே தொழில்நுட்பம் செய்யும் ஒரு சூழ்ச்சியைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லி வினாடி ஆகும். பத்து மீட்டர் இடைவெளியில் நிற்போர் தாளம் பிசகாமல் சேர்ந்து பாடிவிடலாம். முப்பது மில்லி வினாடியைத் தாமதம் தாண்டினால் ஒருவரையொருவர் இழுக்கத் தொடங்குவர். காணொளி அழைப்பிலோ தாமதம் பெரும்பாலும் நூறு மில்லி வினாடிக்கு மேல். மேலும் அச்செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. இருவர் ஒருசேர வாய் திறந்தால் ஒருவர் குரலை அமுக்கும், தஃப்பின் ஓசையை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டும். ஜாமுலஸ் போன்ற தனிச் செயலிகள் அருகருகே உள்ள ஊர்களுக்கு ஓரளவு உதவும். துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தச் செயலியாலும் சுருக்க இயலாது.

ஆகவே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சேர்ந்து பாடுவதைக் கைவிடுகிறார்கள். முதலில் ஒரு தாளத் தடத்தை உருவாக்கி எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் அதைக் காதில் கேட்டுக்கொண்டு தனித்தனியே பாடிப் பதிந்து அனுப்ப, ஒருவர் கோத்துத் தருகிறார். தாளத் தடம் வெறுமையாக இருக்கிறது என்று அதன்மேல் கீபோர்டு வருகிறது. சுருதி தேவை என்று வயலின் ஓசை வருகிறது. கிதார் வருகிறது. ஸலவாத்தில் தொடங்கிய குழு, ஆறு மாதத்தில் முழு வாத்தியக் குழுவாக நிற்கிறது. இடையில் ‘இது கூடுமா?’ என்று ஒருவரும் ஓர் ஆலிமிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி எழாமலேயே படி இறங்கிவிட்டார்கள் என்பதுதான் நம் மனவருத்தம்.

‘இதில் கருத்து வேறுபாடு உண்டே’ என்பர் படித்த இளைஞர். உண்டு. இல்லை என்று மேடையில் முழங்குவோர் அவர்களை ஏமாற்றுகிறார்கள். புகாரியில் இடம்பெற்ற, இசைக்கருவிகளைக் கண்டிக்கும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை இப்னு ஹஸ்ம் ஏற்கவில்லை. பெருநாளன்று சிறுமியர் பாடியதைத் தடுக்க முனைந்த அபூபக்கர் (ரலி) அவர்களை நபியவர்கள் விட்டுவிடச் சொன்னதும் உண்மை. ஆயினும் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் குழல்களையும் தடுத்தே தீர்ப்பளித்தார்கள். தஃப்புக்கு வாசல் திறந்து வைத்தார்கள். இசை கேட்பதற்கு இடமளித்தவர் என்று எடுத்துக்காட்டப்படும் இமாம் கஸ்ஸாலியும் தம் இஹ்யாவில் நரம்புக் கருவிகளை விலக்குகிறார். அத்தோடு, ஆகுமானதே ஆனாலும் அதையே வழக்கமாக்கி நேரத்தையெல்லாம் அதில் செலவிடுவதைக் கண்டிக்கிறார். கஸ்ஸாலியைக் காட்டுவோர் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டாமா? இப்னு ஹஸ்மின் மற்றத் தீர்ப்புகளில் எத்தனையை இவர்கள் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டால் மௌனமே பதில்.

‘நாகூர் ஹனிபா பாடவில்லையா?’ என்பது அடுத்த வாதம். பாடினார், அந்தக் குரலைக் கேட்டு வளராத தமிழ் முஸ்லிம் வீடு அரிது. அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து நற்கூலி வழங்குவானாக. அன்பு வேறு, ஆதாரம் வேறு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். அறையில் ஒருவன், திரையில் ஐவர். அந்த ஐவரில் பெண் குரலும் உண்டா, நள்ளிரவில் மூடிய கதவுக்குள் அந்நியரோடு அது என்ன பழக்கம் என்று எத்தனை வீட்டில் கேட்கப்பட்டது? தெருவில் பேசினால் ஊர் கேட்கும். அறையில் பேசினால் கேட்பது அல்லாஹ் மட்டும் என்னும் நினைவைப் பிள்ளைக்கு யார் ஊட்டினார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு, ‘ஹராம்’ என்ற ஒரு சொல்லை எறிந்துவிட்டு நகரும் ஜமாஅத் பெரியவர்களையும் நாம் விடுவதாயில்லை. இளைஞனின் கீபோர்டைக் கண்டு சினப்பவர், தம் மகன் திருமண ஊர்வலத்துக்குப் பேண்டு வாத்தியம் அமர்த்தியபோது முன்வரிசையில் நடந்தாரே! அதே குழு மீலாது மேடையில் பாடினால் சால்வை போர்த்துபவரும் அவர்தாம். பிள்ளைகள் நம் ஃபத்வாக்களைக் கேட்கும் முன் நம் திருமணங்களைப் பார்த்துவிடுகிறார்கள்.

பாட வேண்டும் என்னும் ஆசை தீயதன்று. உமறுப் புலவரையும் குணங்குடியாரையும் ஈன்ற சமுதாயம் நாம். உள்ளூர்ப் பிள்ளைகள் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் மத்ரஸா முற்றத்தில் வட்டமாக அமர்ந்து, ஒரு தஃப்போடு பாடட்டும். அங்கே தாமதமும் இல்லை, தாளத் தடமும் வேண்டாம். பிழை விட்டால் அரபி உச்சரிப்பைத் திருத்த ஓர் உஸ்தாத் அருகில் இருப்பார். கோலாலம்பூர்ச் சகோதரர் விடுமுறையில் வரும்போது சேர்ந்துகொள்ளட்டும். முற்றத்துக்கு இடமில்லை, மின்விசிறிக்குச் செலவாகும் என்று நிர்வாகம் சாக்குச் சொல்லுமானால், அந்தப் பிள்ளைகள் பதினொன்றரை மணிக்குக் கதவைச் சாத்துவதற்கு அந்த நிர்வாகமும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வரும் மீலாது மேடைக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்குமுன், வாத்தியம் எது என்பதோடு, அதில் பாடுவோர் எத்தனை பேர் ஃபஜ்ர் ஜமாஅத்தில் நிற்கிறார்கள் என்பதையும் நிர்வாகிகள் விசாரிக்கட்டும். விசாரிக்கும் நிர்வாகிகளும் அந்த ஸஃப்பில் நிற்பவர்களாக இருக்கட்டும்.