தீபாவளிப் பட்டியலின் கடைசி வரி

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் ஜவுளிப் பட்டியல் எழுதியாகிவிட்டதா, சகோதரி? எங்கள் காரைக்குடி வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை எழுதினோம். மாமியாருக்கு, நாத்தனாருக்கு, மாப்பிள்ளைக்கு என்று வரிசையாகப் போய், காகிதம் முடிகிற இடத்தில், 'வேலை செய்பவளுக்கு ஒரு புடவை' என்று வரும். நிறம் கிடையாது, கரை கிடையாது. இவ்வளவு ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்ற கணக்கு மட்டும் உண்டு. உங்கள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

ஜவுளிக் கடைகளிலும் இந்தச் சமாசாரம் தெரியும். "வீட்டுக்கா, வேலைக்காரிக்குக் கொடுக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் விரிப்பார்கள். இரண்டாவது என்றால் அலமாரிப் பக்கமே போவதில்லை. மூலையில் ஒரு குவியல் இருக்கும். நானும் அந்தக் குவியலில் எடுத்தவள்தான். ஒளிப்பானேன்?

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை எடுத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். மாசி மாதம் ஒரு நாள் ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணி எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. "ஆச்சி குடுத்ததுதான். ரெண்டு தண்ணியிலேயே சாயம் போயிருச்சு. தொடைக்கிறதுக்கு நல்லா இருக்கு ஆச்சி" என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அவளையே கடைக்கு அழைத்துப் போனேன். "பிடிச்சதை எடுத்துக்க" என்றேன். வழக்கம்போல் மூலைக் குவியலுக்குப் போய் நின்றாள். ஆனால் கண் மட்டும் எதிர் அலமாரியில் இருந்த ஒரு கண்டாங்கி மேல். அரக்குச் சிவப்புக் கட்டம், அகலக் கரை. கண்டாங்கியைப் பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கனத்த பருத்தி; துவைக்கத் துவைக்க மிருதுவாகும். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவள் பத்து வருஷமாக என் கண்டாங்கிகளை அலசி, கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி மடித்து வைக்கிறவள். எது நல்ல நெசவு என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். எடுத்து அவள் கையில் வைத்தேன். "இது ஆச்சிமாரு கட்டுறதுல்ல?" என்று திருப்பி வைக்கப் போனாள். கடைப் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பட்டியலில் ஒரு புடவையைக் குறைத்துக்கொண்டு அதை வாங்கினேன். என் கணவர் பில்லைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அது வேறு கதை.

எல்லாருக்கும் புடவைதான் வேண்டும் என்பதில்லை. ஒருத்திக்கு நல்ல செருப்பு வேண்டியிருக்கும், இன்னொருத்திக்கு மகளின் பரீட்சைக் கட்டணம். ரொக்கமாக ஒரு மாதச் சம்பளம் கொடுப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால், "காசாக் கொடுத்தா வீட்டுக்காரரு வாங்கிக்கிடுவாரு" என்று சொல்லும் பெண்களும் உண்டு. அவர்களுக்குத் தபாலாபீஸில் அவர்கள் பெயரிலேயே போட்டுவிடலாம். கேட்காமல் தெரியாது. பிலிப்பைன்ஸ் தேசத்தில் 2013இல் வந்த சட்டப்படி, வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வருஷத்துக்குப் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் உண்டு. அங்கே அது பரிசு அல்ல, பாக்கி.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். பரிசைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள். "தீபாவளிக்குத்தான் செய்தோமே" என்று தையில் கேட்க வேண்டிய சம்பள உயர்வை அடக்குவதும் கழிப்பதுதான். பழைய துணி கொடுப்பதானால் வேறொரு நாள் கொடுங்கள்; பரிசோடு ஒரே பையில் போடாதீர்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்பது இன்னும் சங்கடமான கேள்வி. நம் செட்டிநாட்டில் தாயைப் பெற்றவளை ஆயா என்கிறோம். குழந்தை வளர்க்கும் ஆயாவோ போர்த்துக்கீசிய வார்த்தையிலிருந்து வந்தவள் என்கிறார்கள். பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அதற்கு இருவரும் ஆயாதான். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போன அன்றே ஓர் ஆயாவுக்கு வேலை போய்விடுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கப்பலில் அழைத்துப் போன ஆயாமாரில் சிலரை, திரும்பி வர டிக்கெட்கூட இல்லாமல் லண்டனில் விட்டுவிட்டார்களாம். அப்படிப்பட்டவர்கள் தங்கிய விடுதி ஒன்று ஹாக்னி பகுதியில், கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண் வீட்டில் இருந்தது. 2022இல் அங்கே நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு டிக்கெட்டைவிடப் பெரிய பரிசு எது?

நம் வீட்டு ஆயாவுக்கும் அப்படித்தான். இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கடைசி நாளன்று ஒரு கொட்டானில் பழமும் பலகாரமும் வைத்து, பணக் கவரையும் வைத்து, பிள்ளை கையால் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையோடு அவர் எடுத்துக்கொண்ட படம் ஒன்றைச் சட்டம் போட்டுத் தரலாம். எங்கள் வீட்டில் இருந்த அம்மாள் மற்றதை எல்லாம் தரையில் வைத்துவிட்டுப் படத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார்.

செலவில்லாத பரிசு ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2007இலிருந்து வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, பிரசவம், அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று உதவி உண்டு. உங்களிடம் இருப்பவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பிற்பகல் கூட உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள். பாங்குக் கணக்கு உள்ளவருக்கு, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். பரணைத் துடைக்க ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறவளுக்கு அந்த 20 ரூபாயை நாம் கட்டக் கூடாதா?

கண்டாங்கி என்ன ஆயிற்று என்கிறீர்களா? தீபாவளிக்கு அவள் அதைக் கட்டவில்லை. எனக்குச் சிறிது மனத்தாங்கல்தான். கொப்புடையம்மன் தேரன்றுதான் கட்டிக்கொண்டு வந்தாள். ஏன் இத்தனை நாள் என்று கேட்டேன். "சட்டை தைக்கக் காசு சேரலை ஆச்சி" என்றாள்.

ஆகையால், புடவை எடுத்தால் ரவிக்கைத் துணியும் தையற்கூலியும் சேர்த்தே எடுங்கள். அளவு ரவிக்கையை இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்; ஐப்பசி பிறந்துவிட்டால் தையற்காரர் கையில் தொட மாட்டார்.