அவிழ்க்கவும் தெரிய வேண்டும்

நிரல் ஓடியது, விடை வந்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. அத்துடன் நம் வேலை முடிந்ததா? இல்லை என்பதே என் கருத்து. தோழர்களே, பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பருவத்தில், நினைவகத்தில் அடங்காத பெரிய கோப்பு ஒன்றை வரிசைப்படுத்த நிரல் எழுதினேன். அதை இருபது துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தித் தற்காலிகக் கோப்பாக வட்டில் எழுதி, இறுதியில் இணைக்க வேண்டும். துண்டுகளை அழிக்கும் கட்டளையைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். இணைக்கும் இடத்தில் பிழை! நிரல் பாதியில் நின்றது. கடைசி வரியை எட்டவே இல்லை. திருத்தினேன், ஓட்டினேன், மீண்டும் நின்றது. ஓட்டத்துக்கு 100 மெகாபைட். நாற்பது ஓட்டத்தில் 4 கிகாபைட் குப்பை. மறுநாள் அதே கணினியில் அமர்ந்த மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் தம் திட்ட அறிக்கையைச் சேமிக்க முயன்றார். வட்டில் இடமில்லை. கோப்பே வெறுமையாகிப் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. யார் செய்தது என்றே அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் அறிவார்.

என் தந்தையார் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். விடுமுறைகளில் நானும் உடன் போயிருக்கிறேன். கயிற்றை முடியும்போதே அதை எப்படி அவிழ்ப்பது என்று பார்த்துத்தான் முடிவார். சாரம் பிரித்து, சுவரில் விட்ட ஓட்டைகளைப் பூசி அடைக்கும்வரை வேலை முடிந்ததாக மேஸ்திரி ஒப்பமாட்டார். கணினியைத் தொட்டறியாதவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அழிக்கும் ஏற்பாட்டை, உருவாக்கும் இடத்திலேயே செய்துவிட வேண்டும். பைத்தானில் ‘டெம்ப்ஃபைல்’ என்ற தொகுதி இதற்கென்றே உள்ளது. அது தரும் தற்காலிகக் கோப்புறையை ‘வித்’ கூற்றில் திறந்தால், நிரல் ஒழுங்காக முடிந்தாலும் பிழையால் நடுவே வெளியேறினாலும் கோப்புறை அழிந்துவிடும். பெயரையும் அதுவே சூட்டிக்கொள்ளும். பெயரை மட்டும் முதலில் தந்து, கோப்பைப் பிறகு நம்மையே திறக்கச் சொன்ன பழைய ‘எம்கேடெம்ப்’, அந்த இடைவெளியில் வேறொருவர் அதே பெயரில் கோப்பு வைத்துவிடக்கூடும் என்பதால், 2003-இல் வந்த பைத்தான் 2.3-இலேயே ஒதுக்கப்பட்டது. மின்சாரம் நின்றால்? ‘வித்’தும் கைகொடுக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

“இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லையே” என்பார்கள் நண்பர்கள். இல்லைதான். ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில் விடையை மட்டும் பாராமல், நிரலை வேண்டுமென்றே நடுவில் நிறுத்திவிட்டு, வட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள். முதலில் என் நிரலிலிருந்தே தொடங்கலாம்.