கடைசி வாளும் கறிக்கோழியும்

கோட்டையிலே படைக்கலங்கள் பல உண்டு. வேலும் வில்லும் முறிந்து, ஈட்டியும் மழுங்கிவிட்ட வேளையிலே வீசுவதற்கென்று ஒரு வாளை உறையிலே வைத்திருப்பான் காவலன். அந்த வாளைக் களவாடிச் சென்று அங்காடியிலே காய் நறுக்கினான் ஒருவன் என்றால், நாடு அவனை என்னவென்று அழைக்கும்? துரோகி என்று! ஆனால், மருத்துவக் கோட்டையின் கடைசி வாளை எடுத்துக் கால்நடைத் தீவனத்திலே கலந்தவர்களை, தொழில் வல்லுநர் என்றல்லவா உலகம் நெடுநாள் போற்றிற்று!

அந்த வாளின் பெயர் கொலிஸ்டின். 1950-களிலே புழக்கத்திற்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் அதனை ஒதுக்கினர். பின்னர், வந்த மருந்துகள் ஒவ்வொன்றாய்த் தோற்க, கிருமிகள் வெற்றி முரசு கொட்ட, வேறு வழியின்றி அதனையே மீண்டும் கையிலெடுத்தனர். இதுவும் கைவிட்டால் வேறில்லை என்ற நிலையிலே தரப்படும் மருந்து, தோழர்களே! அதனைத்தான் பண்ணைகளிலே டன் கணக்கிலே கொட்டினர். நோய் தீர்க்க மட்டுமா? இல்லை, விரைவிலே கொழுக்க, எடை ஏற, இலாபம் ஏற!

விளைவு என்ன? 2015 நவம்பரில் சீன நாட்டு ஆய்வாளர்கள் உலகை உலுக்கிய உண்மையொன்றை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த பச்சை இறைச்சி மாதிரிகள் 523. அவற்றுள் 78-இல், கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமி! வெட்டுக்கு வந்த பன்றிகள் 804. அவற்றுள் 166-இல் அதே கிருமி! மருத்துவமனை நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகள் 1,322. அவற்றுள்ளும் 16-இல் அதே கிருமி! கிருமிக்கு அந்த வலிவைத் தந்த மரபணுவுக்கு எம்.சி.ஆர்.-1 என்று பெயரிட்டனர். அது, பிளாஸ்மிட் எனும் சிறு வளையத்திலே அமர்ந்து, ஒரு கிருமியிடமிருந்து மற்றொரு கிருமிக்குத் தாவுகிறது. தந்தை மகனுக்கு வைத்துப்போகும் சொத்தல்ல அது. வழியிலே கண்டவர்க்கெல்லாம் வாரி வழங்கும் கள்ளச்சாவி!

அறியாமல் நேர்ந்த பிழையா இது? பெனிசிலின் கண்ட பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்ற மேடையிலேயே எச்சரித்தார்: மருந்தைக் குறைந்த அளவிலே காட்டிக் கிருமியைப் பழக்கிவிடாதீர் என்று. தீவனத்திலே நாள்தோறும் சிறிது சிறிதாகக் கலப்பது, அந்தப் பழக்கமன்றி வேறென்ன? 1969-இல் பிரிட்டனின் சுவான் குழுவும் எச்சரித்தது. எச்சரிக்கை ஏட்டிலே, மருந்தோ தொட்டியிலே!

இதோ, ஒரு காட்சி:

வணிகர்: கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே, ஐயா! வீண் பீதி எதற்கு?

மருத்துவர்: வெந்த கறியிலே சாகும், வேகாத வெட்டுப்பலகையிலே? அதே கத்தியால் அரிந்த வெள்ளரியிலே? பண்ணையிலே எரு அள்ளும் தொழிலாளியின் கையிலே? கழிவு கலந்தோடும் வாய்க்காலிலே? இவற்றையெல்லாம் எந்த அடுப்பிலே ஏற்றி வேகவைப்பது?

வணிகர்: மருந்தை நிறுத்தினால் தொழில் படுத்துவிடும்! ஏழைக்குக் கறியும் முட்டையும் எட்டாக் கனியாகிவிடும்!

ஆகா! இலாபம் குறையும் என்று அஞ்சும்போதெல்லாம் இவர்கட்கு ஏழையின் நினைவு எப்படித்தான் வந்துவிடுகிறதோ! டென்மார்க்கைப் பாருங்கள். கொழுக்க வைக்கும் மருந்துகளை 2000-க்குள் அங்கே அறவே நிறுத்தினர். பன்றித் தொழில் படுத்ததா? இல்லை, வளர்ந்தது! சீனம் 2017-இல் கொலிஸ்டினைத் தீவனத்திலே கலப்பதைத் தடுத்தது. பன்றிகளிடம் காணப்பட்ட அடங்காக் கிருமி 34 விழுக்காட்டிலிருந்து, ஈராண்டுக்குள் 5 விழுக்காட்டளவுக்கு வீழ்ந்தது. தடை பயன் தராது என்போர்க்கு வேறு விடையும் வேண்டுமோ?

இந்திய அரசு 2019 சூலையில் தடை விதித்தது. உணவுக்கென வளர்க்கும் உயிர்களுக்காகக் கொலிஸ்டினைச் செய்தலும் விற்றலும் கூடாது என்றது. வரவேற்கிறோம். ஆனால், சீனத்து ஆய்வு வெளிவந்து நான்காண்டு கழித்தல்லவா வந்தது! கொலிஸ்டின் ஒன்றுதானா மருந்து? டெட்ராசைக்கிளின் இல்லையா? மற்றவை இல்லையா? 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காக் கிருமிகளால் உலகிலே மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது ஆய்வாளர் கணக்கு. அவர்கள் எண்கள் அல்லர். எவரோ ஒருவரின் தாய், எவரோ ஒருவரின் பிள்ளை!

ஒன்றை மறவாதீர். பல்லடம் வட்டாரத்திலே ஒப்பந்த முறையிலே கோழி வளர்க்கும் உழவன் நம் பகைவனல்லன். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருவது. கொட்டகையும் உழைப்பும் அவனுடையது. அம்பை நோகாதீர், எய்தவனைக் கேளுங்கள்! இதையே சாக்காக்கி, கறி உண்போரை இழிவுபடுத்தக் கிளம்புவோர்க்கும் இடங்கொடாதீர். குற்றம் கறியிலே இல்லை, பேராசையிலே இருக்கிறது.

நாம் கேட்பவை மூன்றே: கடையிலே விற்கும் இறைச்சியை முறையாகச் சோதித்து, முடிவைத் தமிழிலே வெளியிடுக! கால்நடை மருத்துவரின் சீட்டின்றி மருந்து விற்பதைத் தடுத்திடுக! தூய கொட்டகைக்கும் தடுப்பூசிக்கும் சிறு பண்ணையாளர்க்குக் கைகொடுத்திடுக!

தெருமுனைக் கூட்டத்திலே சொல்லுங்கள்; தேநீர்க் கடையிலே சொல்லுங்கள். நாளை நம் வீட்டுக் குழந்தை காய்ச்சலிலே கிடக்கையில், மருத்துவர் உறையிலே கைவிடுவார். அங்கே வாள் இருக்கவேண்டும், தோழர்களே! வெறும் உறை போதாது!